சர்க்கிள்வில் பூசணித் திருவிழா: இரண்டு பேர் ஒரு நாள் போய்வர எப்படி இருக்கும்?

புதுவரவு_டப்ளின் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஜூன் மாதம்தான் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸுக்கு வந்தேன். வீடு பக்கத்திலேயே டப்ளினில். கல்யாணம் ஆகி ஒன்றரை வருஷம். அதில் ஒரு வருஷம் அவர் இங்கே, நான் மதுரையில் விசாவுக்குக் காத்துக்கொண்டு இருந்தேன். வந்த நாளிலிருந்து வீட்டுக்குச் சாமான் வாங்குவது, கார் ஓட்டப் பழகுவது, அவருடைய ஆபீஸ் வேலை என்றே நாள் ஓடிவிட்டது. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு முழு நாள் வெளியே போனதே இல்லை.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு அமெரிக்கப் பாட்டி இருக்கிறார். 80 வயதிருக்கும். போன வாரம் குப்பைத் தொட்டியை உள்ளே இழுக்க உதவி செய்தபோது பேச்சு வந்தது. "சர்க்கிள்வில் பூசணித் திருவிழாவுக்குப் போங்கள், நான் சின்னப் பெண்ணாக இருந்ததிலிருந்து போகிறேன், இப்போதுதான் கால் ஒத்துழைக்கவில்லை" என்றார். பூசணிக்காய் போலவே காவி மஞ்சள் வண்ணம் அடித்த பெரிய தண்ணீர்த் தொட்டியின் படத்தைப் போனில் காட்டினார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குப் போக வேண்டும் என்று இருக்கிறது.

2025 அக்டோபர் 15 புதன் முதல் 18 சனி வரை என்று பார்த்தேன். அவருக்கு ஒரு நாள் லீவு கிடைக்கும். ஆனால் "சனிக்கிழமையே போகலாமே, பூசணிக்காய் பார்க்க லீவு போடணுமா?" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நான் சைவம், முட்டையும் சாப்பிட மாட்டேன். அவர் எல்லாம் சாப்பிடுவார். எனக்கு அங்கே ஏதாவது கிடைக்குமா, இல்லை கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போக வேண்டுமா? குழந்தைகள் இல்லாமல் போனால் நாள் முழுக்கப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது? குளிர் எப்படி இருக்கும்? எனக்கு இதுதான் முதல் இலையுதிர்காலம். ஸ்வெட்டர் ஒன்றுதான் வைத்திருக்கிறேன். போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ஒஹாயோக்காரர் எழுதியது:

சனிக்கிழமை வேண்டாம். ஊரில் குடியிருப்பவர்கள் சுமார் 14 ஆயிரம் பேர். நான்கு நாளில் வந்துபோகிறவர்கள் 4 லட்சம் என்கிறார்கள். கடைசி நாளில்தான் கூட்டம் அதிகம். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

வழி சுலபம். 270ம் எண் சுற்றுச்சாலையில் தெற்கே வந்து 23ம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் நேராகச் சர்க்கிள்வில். டப்ளினிலிருந்து நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள். நுழைவுக் கட்டணம் கிடையாது. சில்லறையாகப் பணம் கொண்டுபோங்கள். கார் நிறுத்தக் கேட்பதும் சின்னக் கடைகளில் கேட்பதும் பெரும்பாலும் ரொக்கம்தான்.

காலையில் பல் கிட்டும், மத்தியானம் வெயில் சுள்ளென்று இருக்கும். ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு போனால் கழற்றிக்கொள்ளலாம். மழை வந்தால் தெருவிலேயேதான் நிற்க வேண்டும், குடை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தியூர்க்காரன் எழுதியது:

தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரர் கேட்ட அதே கேள்வியை 2022ல் நான் என் மனைவியிடம் கேட்டேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், அவரிடமும் படித்துக் காட்டுங்கள்.

அந்த வருஷம் நான் சொன்னபடியே சனிக்கிழமை போனோம். நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு 11 மணிக்குக் கிளம்பினோம். 23ம் சாலையில் ஊருக்குச் சில மைல் முன்னாடியே வண்டிகள் ஊர ஆரம்பித்துவிட்டன. தூரத்தில் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது, போய்ச் சேர முடியவில்லை. ஒரு மணி நேரம் அப்படியே. கடைசியில் எங்கோ ஒரு மூலையில் வண்டியைப் போட்டுவிட்டு, அரை மணி நேரம் நடந்து உள்ளே போனால் தோளோடு தோள் இடிக்கிற கூட்டம். என் மனைவி உயரம் குறைவு. அவளுக்கு முன்னால் நிற்பவர்களின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. எதையோ வாங்கித் தின்றோம், எதையோ பார்த்தோம், மூன்றரைக்குத் திரும்பிவிட்டோம். நான் எரிச்சலில் இரண்டு வார்த்தை அதிகமாகப் பேசிவிட்டேன். வரும் வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றே ஒன்று சொன்னாள்: "ஏனுங்க, நாம அந்த ஊரையே பாக்கலீங்களே."

அடுத்த வருஷம் அவளே நாள் குறித்தாள். வியாழக்கிழமை. காலை 7 மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதும் அவள் முடிவுதான். எனக்கு அன்றைக்கு இரண்டு மீட்டிங் இருந்தது, இரண்டையும் தள்ளிப் போட்டேன். இன்றுவரை அதற்காக வருத்தப்பட்டதில்லை.

கொலம்பஸைத் தாண்டியதும் நிலம் அப்படியே தட்டையாக விரியும். அந்த நேரம் பார்த்தால் சோயா அறுத்து முடித்த காடு ஒரு பக்கம், காய்ந்து நிற்கிற மக்காச்சோளத் தட்டு ஒரு பக்கம். நடுவே பனி வேட்டி விரித்த மாதிரி கிடந்தது. என் மனைவி கண்ணாடியை இறக்கிவிட்டாள். அறுவடை செய்த காட்டின் வாசனை ஊருக்கு ஊர் வேறு என்பார்கள். அன்றைக்கு எனக்கு அது எங்கள் ஊர் சோளத்தட்டுப் போர் வாசனையாகத்தான் இருந்தது.

எட்டு மணிக்கு ஊருக்குள் இருந்தோம். ஒரு வீட்டுப் பெரியவர் தன் முன்வாசல் புல்தரையில் காருக்கு இடம் கொடுத்தார். பணத்தை வாங்கி, பழைய காபி டப்பாவில் போட்டுக்கொண்டு, "முதலில் டோனட், அப்புறம் பூசணி, 11 மணிக்கு மேல் டோனட் பக்கம் போகாதீர்கள்" என்றார். நூற்றுக்கு நூறு உண்மை. லிண்ட்சேஸ் பேக்கரி என்று மெயின் தெருவில் ஒன்று இருக்கிறது. பூசணி டோனட்டுக்குப் பேர்போன இடம். அந்த நேரத்திலேயே வரிசை இருந்தது, ஆனால் நகர்ந்தது. அந்தக் கடை ஜன்னலில் திருவிழாவுக்கென்றே ஒரு பூசணிப் பை (pie, மாவுத் தட்டில் பூசணி வைத்துச் சுடுகிற இனிப்பு) செய்து வைப்பார்கள். 6 அடி அகலம், 400 பவுண்டு பக்கம், அதாவது 180 கிலோ. நம் வீட்டு உரலைவிடப் பெரிய தட்டில் அது இருப்பதை இரண்டு பேரும் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தோம். வாங்கிய டோனட்டை நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து தின்றோம். சூடு கையில் சுட்டது. பட்டையும் கிராம்பும் மணத்தது. தெருவில் அப்போதுதான் கடைக்காரர்கள் துணியை விலக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே நான் மறுபடி லீவு போடுவேன்.

சரி, முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ராட்சசப் பூசணிகள்.

புதன்கிழமையே எடை போட்டுவிடுவார்கள். வியாழன் போனால் எடைச் சீட்டோடு வரிசையாக வைத்திருப்பதைப் பார்க்கலாம். படத்தில் பார்க்கும்போது அவை பூசணி மாதிரி இருக்கும். நேரில் அப்படி இல்லை. சொந்த எடையே தாங்காமல் ஒரு பக்கம் சரிந்து, படுத்திருக்கும் எருமை மாதிரி இருக்கும். நிறமும் அடர் மஞ்சள் கிடையாது, சந்தனமும் ரோஸும் கலந்த ஒரு நிறம். காம்பு என் முழங்கை தடிமன். கிட்டப் போய்ப் பார்த்தால் தோல் மேல் முலாம்பழத்தில் இருப்பது போல மெல்லிய வலைக்கோடு. வளர்த்தவர் பக்கத்திலேயே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "தொடலாமா?" என்று என் மனைவி கேட்டாள். "உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தட்டிப் பார்" என்றார். தட்டினால் தவிலில் தட்டின மாதிரி ஒரு சத்தம்.

அவரிடம் முக்கால் மணி நேரம் நின்றோம். அட்லாண்டிக் ஜயண்ட் என்ற ரகம். ஒரு செடிக்கு ஒரே ஒரு காய். மற்ற பிஞ்சையெல்லாம் கிள்ளிவிடுகிறார்கள். ஜூன் கடைசி வாக்கில் விடியற்காலையில் ஆண் பூவைப் பறித்து, பெண் பூவில் தன் கையாலேயே தடவி மகரந்தம் சேர்க்கிறார். கொடி ஓடுகிற கணுவையெல்லாம் மண் போட்டு மூடினால் ஒவ்வொரு கணுவிலும் வேர் பிடிக்கும், அத்தனை வாயும் அந்த ஒரு காய்க்குத்தான் ஊட்டும். ஆகஸ்டில் ஒரு நாளைக்கே 15, 20 கிலோ ஏறுகிற காலம் உண்டு. வெயில் பட்டால் தோல் சீக்கிரம் இறுகி வெடித்துவிடும் என்று மேலே பழைய படுக்கை விரிப்பைப் போர்த்தி வைக்கிறார். உள் குழிவரை விரிசல் விட்டால் போட்டியில் சேர்க்க மாட்டார்கள். அதற்கு முந்தின வருஷம் எடை போட ஒரு வாரம் இருக்கும்போது வெடித்துவிட்டதாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் தணிந்தது. ஒரு பருவம் முழுக்கப் பாடுபட்டு, அறுக்கிற வாரத்தில் இழந்த வலி அது. விவசாய வீட்டில் பிறந்த எங்கள் இரண்டு பேருக்கும் அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு சேதியும் சொன்னார். கலிபோர்னியாவில் ஹாஃப் மூன் பே என்ற ஊரில் அந்த அக்டோபரில் 2,749 பவுண்டு பூசணி உலக சாதனை செய்திருந்தது. ஒரு மாருதி காரைவிட எடை. அதைச் சொல்லும்போது அவருக்குப் பொறாமை இல்லை, தன் வீட்டுப் பிள்ளை பரிசு வாங்கிய மாதிரி சொன்னார்.

எங்கள் பக்கம் இதை அரசாணிக்காய் என்போம். உங்கள் மதுரைப் பக்கம் மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி. தஞ்சாவூர்ப் பக்கம் பரங்கிக்காய். பரங்கி என்றால் கப்பலேறி வந்த வெள்ளைக்காரர். அவர்களோடு வந்த காய் என்பதால் அந்தப் பேர். அந்தக் காயின் பூர்வீகம் இந்த அமெரிக்கக் கண்டம்தான். என் மனைவி இதை அந்த இடத்தில்தான் யோசித்துச் சொன்னாள்: "எங்கப்பா மாட்டுக்கொட்டகைக் கூரை மேல ஏத்திவிட்ட கொடிக்கு இதுதான் பிறந்த வீடுங்களா?" மாமனார் அதற்கு முந்தின ஆடியில்தான் தவறியிருந்தார். எங்களால் ஊருக்குப் போக முடியவில்லை. அவள் அந்தக் காய் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். நான் பேசவில்லை.

குழந்தை இல்லாமல் என்ன பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர்வலம் பாருங்கள். தினமும் உண்டு. சுற்று வட்டாரப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பேண்டு வரும். ட்ரம் அடிக்கிற சத்தம் இரண்டு பக்கக் கட்டடத்திலும் மோதி நெஞ்சுக்குள் இறங்கும். ஓரத்தில் நிற்கிற அத்தை, சித்தப்பாவெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் சிரிக்கக்கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டு போகும். பந்தல்களில் அவரவர் வீட்டில் விளைந்த சோளம், பூசணி, பாட்டில் போட்ட ஊறுகாய், கையால் தைத்த மெத்தை விரிப்பு எல்லாம் பரிசுச் சீட்டோடு இருக்கும். ஆடியில் எங்கள் குருநாதசாமி கோயில் திருவிழாவில் குதிரையும் மாடும் பார்க்க எத்தனையோ ஊர்ச் சனம் வந்து கூடும். ராட்டினத் தூரி, பொரிகடலை, வளையல் கடை எல்லாம் உண்டு. ஆனாலும் விளைவித்தவனும் வளர்த்தவனும்தான் அங்கே பெரிய மனிதன். இங்கேயும் அதுதான் எனக்குப் பிடித்தது.

இந்தப் பூசணித் திருவிழாவை 1903ல் அந்த ஊர் மேயர் ஜார்ஜ் ஹாஸ்வெல் தொடங்கினார். தன் இடத்துக்கு முன்னால் சோளத்தட்டும் பூசணியும் அடுக்கி வைத்தார், சில பூசணிகளில் முகம் வெட்டி விளக்கு மாதிரி வைத்தார், அவ்வளவுதான். அதைப் பார்த்து மற்ற கடைக்காரர்களும் வைக்க ஆரம்பித்து வளர்ந்ததுதான் இது. 2020ல் கொரோனாவால் நடக்கவில்லை. அந்த வருஷத்தைப் பற்றி ஊர்க்காரர்கள் வீட்டில் விசேஷம் நின்றுபோன மாதிரி பேசுகிறார்கள்.

ஊர்ப் பேருக்கும் ஒரு கதை உண்டு. நடந்துகொண்டே உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். ஐரோப்பியர் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னால் ஹோப்வெல் பண்பாடு என்று சொல்லப்படுகிற பழங்குடி மக்கள் அங்கே ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டமாக மண் மதில் எழுப்பியிருந்தார்கள். 1810ல் அந்த வட்டத்துக்குள்ளேயே ஊரை அமைத்தார்கள். தெருவும் வட்டம், நடுவில் எண்கோண நீதிமன்றம். வட்டத் தெருவில் வீட்டுமனை கோணல் மாணலாக வருகிறது என்று அப்புறம் ஜனங்களுக்குச் சலித்துவிட்டது. 1837ல் வட்டத்தைச் சதுரமாக்குவதற்கென்றே சட்டப்படி ஒரு கம்பெனி ஆரம்பித்து, 1856க்குள் எல்லாத் தெருவையும் நேராக்கிவிட்டார்கள். மண் மதிலும் போய்விட்டது. பேர் மட்டும் வட்டமாக நிற்கிறது. இது எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமான விஷயம். அப்படிப்பட்ட மதிலைப் பார்க்க ஆசை இருந்தால் இன்னும் அரை மணி நேரம் தெற்கே சில்லிகாத்தியில் மவுண்ட் சிட்டி என்ற பழைய மண்மேடுகள் இருக்கிற இடம் உண்டு. 2023ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தவற்றில் அதுவும் ஒன்று. நாங்கள் அன்றைக்கு மாலை நாலு மணிக்கு அங்கே போனோம். புல் மூடிய மேடுகளுக்கு நடுவே எங்களைத் தவிர நாலைந்து பேர்தான். கூட்டத்தில் இருந்து வந்த காதுக்கு அந்த அமைதி வேண்டியிருந்தது.

வரும்போது பூசணி வாங்காமல் வராதீர்கள். ஆனால் முகம் வெட்டுகிற பெரிய பூசணி சமையலுக்கு ஆகாது, தண்ணீரும் நாருமாக இருக்கும். பழுப்பு நிறத்தில், சப்பையாக, வரி வரியாக ஒன்று இருக்கும். சீஸ் பூசணி என்று கேளுங்கள். நம் ஊர்க் காயின் இனம் அதுதான். அன்றிரவு வீட்டுக்கு வந்து, தட்டைப்பயறு போட்டு அரசாணிக்காய்க் குழம்பு வைத்தாள். மாமனார் போன பிறகு அவள் அந்தக் குழம்பை வைத்தது அன்றைக்குத்தான்.

வியாழக்கிழமை போங்கள் தங்கச்சி. லீவு போடச் சொல்லுங்கள்.

புதுவரவு_டப்ளின்:

அண்ணா, படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் லேப்டாப்பை எடுத்து வியாழக்கிழமைக்கு லீவு போட்டுவிட்டார். ரொம்ப நன்றி. சாப்பாடு பற்றி மட்டும் யாராவது சொல்லுங்களேன்.

ஹில்லியர்ட்_அக்கா எழுதியது:

நான் சொல்கிறேன்மா, நானும் முட்டை சாப்பிடாதவள்தான்.

டோனட், பை, ஃபனல் கேக் இவற்றிலெல்லாம் முட்டை உண்டு என்று வைத்துக்கொண்டு ஒதுக்கிவிடுங்கள். பூசணி பர்கர், பூசணி சில்லி என்று பேரைப் பார்த்துக் காய்கறி என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே மாட்டுக்கறி இருக்கும். உங்கள் வீட்டுக்காரருக்கும் அது ஆகாதென்றால் சொல்லி வையுங்கள். எண்ணெயில் பொரிக்கிற காளான், காலிஃபிளவர் எல்லாம் மாவில் முட்டை இருக்கலாம், அதே எண்ணெயில் கறியும் பொரிப்பார்கள்.

உங்களுக்கு ஆகிறது என்று பார்த்தால் சுட்ட மக்காச்சோளம். வெண்ணெய் தடவித் தருவார்கள், அதுவே அரை வயிறு நிரம்பும். பெரிய இரும்புக் கொப்பரையில் சர்க்கரை போட்டுப் பொரிக்கிற கெட்டில் கார்ன். கேரமல் ஆப்பிள். உருளைக்கிழங்கு வறுவலைத் தனி எண்ணெயில் போடுகிறார்களா என்று கேட்டு வாங்குங்கள். நேரில் எலுமிச்சை பிழிந்து குலுக்கித் தருகிற ஜூஸ். பூசணி ஃபட்ஜ் என்று நம் பால்கோவா பதத்தில் ஒரு இனிப்பு. அதில் என்ன சேர்த்திருக்கிறது என்று கேட்டால் முகம் கோணாமல் சொல்வார்கள். நான் கேட்டே வாங்கியிருக்கிறேன்.

ஆனாலும் நான் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டுதான் போவேன். காரிலேயே வைத்துவிட்டு மத்தியானம் வந்து சாப்பிடுவோம். கார் வெகுதூரத்தில் இருந்தால் இது நடக்காது, அதனாலும் சீக்கிரம் போங்கள். தண்ணீர் பாட்டில் மறக்க வேண்டாம். கழிப்பறை தற்காலிகப் பெட்டிதான். காலையில் சுத்தமாக இருக்கும், கைக்குட்டையும் சானிடைசரும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மவுண்ட் சிட்டிக்குப் பதிலாக இலை பார்க்க ஆசைப்பட்டால் 56ம் சாலையில் தென்கிழக்கே லாரல்வில் வழியாக ஹாக்கிங் ஹில்ஸ் பக்கம் போகலாம். அக்டோபர் நடுவில் இலைகள் நிறம் மாறி இருக்கும். லாரல்வில் பக்கம் ஆப்பிள் தோட்டங்கள் உண்டு. அங்கே பிழிந்த சைடர் (வடிகட்டாத ஆப்பிள் சாறு) வாங்கிக் குடியுங்கள். அதைக் குடித்த பிறகு கடையில் பெட்டியில் விற்கிற ஆப்பிள் ஜூஸ் எனக்கு இறங்குவதில்லை. இரண்டையும் ஒரே நாளில் போட்டுக்கொள்ள வேண்டாம். இருட்டிய பிறகு அந்த மலைச் சாலையில் புதிதாக ஓட்டுகிறவர்கள் போவது நல்லதில்லை, மான் குறுக்கே வரும்.

புதுவரவு_டப்ளின்:

போய்விட்டு வந்தோம்! திங்கட்கிழமை தீபாவளி, அதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஏழே காலுக்குக் கிளம்பினோம். பனி இருந்தது, அண்ணன் சொன்ன மாதிரியேதான். தண்ணீர்த் தொட்டி தெரிந்ததும் நான் கத்திவிட்டேன். அவர் ஓரமாக ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி, என்னை அதற்கு முன்னால் நிற்க வைத்து, பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு அனுப்புவதற்கு ஒரு படம் எடுத்தார்.

அவர் டோனட் சாப்பிட்டார், நான் சோளம். புளிசாதம் மத்தியானம் கார் டிக்கியைத் திறந்துவைத்து அதில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இடம் கொடுத்த வீட்டம்மா வந்து "அது என்ன, இவ்வளவு வாசனை?" என்று கேட்டார். ஒரு கிண்ணம் கொடுத்தேன். வேர்க்கடலையை மட்டும் தனியாகப் பொறுக்கி முதலில் தின்றுவிட்டு, அப்புறம் சோற்றைச் சாப்பிட்டார்.

பூசணிகளுக்குப் பக்கத்தில் இருந்த பெரியவரிடம் இவர் கேள்வி கேட்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. விதை எங்கே வாங்குவது, என்ன உரம், எத்தனை அடி இடம் வேண்டும், எல்லாம் போனில் குறித்துக்கொண்டார். கல்யாணம் ஆனதிலிருந்து ஆபீஸ் தவிர வேறு எதைப் பற்றியும் இவர் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவருடைய தாத்தாவுக்கு மேலூர்ப் பக்கம் தோட்டம் இருந்தது, லீவுக்குப் போனால் பாத்திக்குத் தண்ணீர் கட்டுவது அவர் வேலை, இதெல்லாம் வரும் வழியில்தான் சொன்னார். ஒரு வருஷம் தினமும் வீடியோ காலில் பேசியிருக்கிறோம், இது ஒரு நாளும் வந்ததில்லை.

ஹாக்கிங் ஹில்ஸ் போகவில்லை. ஊர்வலம் பார்த்துக்கொண்டே நேரம் போய்விட்டது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சீஸ் பூசணி ஒன்று வாங்கினோம். நேற்று பாதியைக் கூட்டு வைத்தேன், மதுரையில் அம்மா வைக்கிற அதே இனிப்பு. ஒரு டப்பா பாட்டிக்குக் கொடுத்தேன். கடுகைக் காட்டி "இது என்ன விதை?" என்றார். இன்று காலை டப்பாவைக் கழுவி, உள்ளே நாலு ஆப்பிள் வைத்துத் திருப்பித் தந்தார்.

அண்ணா, அந்தப் பூசணியின் விதையைக் கழுவிக் காகிதத்தில் காயவைத்திருக்கிறேன். எங்கள் வீட்டுப் பின்னால் 10க்கு 12 அடி இடம் இருக்கிறது. எப்போது ஊன்றலாம்?

அந்தியூர்க்காரன்:

ரொம்பச் சந்தோஷம் தங்கச்சி. என் மனைவியிடம் படித்துக் காட்டினேன், உங்கள் வீட்டுக்காரர் தாத்தா தோட்டம் வரைக்கும் வந்ததைக் கேட்டு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

விதையை நிழலில் இரண்டு வாரம் நன்றாகக் காயவிட்டு, காகித உறையில் போட்டு, தேதி எழுதி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். மே நடுவாக்கில் கடைசி உறைபனி போய்விடும். இன்னும் பத்து நாள் பொறுத்து, மண்ணில் கை வைத்தால் சில்லென்று இல்லாதபோது ஊன்றுங்கள். ஒரு குழிக்கு மூன்று விதை, முளைத்ததும் நல்லதாக ஒன்றை விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். அந்த இடத்துக்கு ஒரு கொடி போதும். வேலியில் ஏற்றிவிடலாம், ஆனால் காய் பிடித்ததும் பழைய சேலைத் துணியில் தொட்டில் கட்டித் தாங்க வேண்டும். விளைந்த காட்டில் பக்கத்தில் வேறு பூசணி இருந்திருந்தால் கலப்பாகி, நீங்கள் வாங்கிய காய் மாதிரியே வராமலும் போகலாம். வருகிற காயைச் சாப்பிடலாம், கசந்தால் மட்டும் எறிந்துவிடுங்கள்.

ஜூலையில் பூ வந்து பிஞ்சு நிற்காமல் உதிர்ந்தால் இங்கேயே எழுதுங்கள். கையால் மகரந்தம் சேர்ப்பது எப்படி என்று படம் எடுத்துப் போடுகிறேன்.